தகட்டுக்காரரின் சொந்தக் கார்

அந்தப் பட்டப்பெயர் அவருக்குச் சொந்தக் காரால் வந்தது. அதற்கு முன் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் நாலைந்து மெக்கானிக்குகளில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரை, கதவில்லாத அலமாரி. பக்கத்து ஷெட்டில் ஒரு வெல்டர். இரண்டு ஷெட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதைச் சரியாக மூடாதது யார் என்று இருவருக்கும் தினமும் வாய்த்தகராறு நடக்கும். அது நடக்காத நாளில் இரண்டு பேருக்குமே வேலை ஓடாது.

டீசல் எஞ்சினில் ஒரு வால்வு உண்டு. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையில் கொஞ்சத்தைப் பிடித்துத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும். எரிகிற சூடு தணியும், வெளியே போகிற நஞ்சு குறையும் என்பதற்காக வைத்தது. ஆனால் நாள்பட அந்த வழியெல்லாம் கரி அப்பிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கும்.

"அது விட்ட மூச்சையே அதுக்குத் திருப்பி ஊட்டினா எப்படி ஓடும்? மனுஷனை அப்படி வெச்சா ஓடுவானா?" என்பார் அவர்.

ஒரு விடுமுறை நாளில், அப்போதுதான் வாங்கியிருந்த தன் பழைய காரில் அந்த வழியை அடைத்துப் பார்த்தார். புகைக் குழாய் எஞ்சினை விட்டுப் பிரிகிற இடத்தில் இரண்டு போல்ட்டுகள். அவற்றைக் கழற்றினார். குழாயின் வாயில் ஒரு காகிதத்தை வைத்து கிரீஸ் படிந்த கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். வாயின் வடிவம் அப்படியே அச்சாக விழுந்தது. வெல்டரிடம் ஓட்டை விழுந்த ஸ்டீல் தொட்டி ஒன்று கிடந்தது. அதிலிருந்து அந்த அச்சுக்கு ஒரு தகடு வெட்டி, போல்ட்டுக்கு இரண்டு துளை போட்டார். நடுவில் செருகி முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

ஒன்றுதான் இடித்தது. கழற்றும்போது பழைய கேஸ்கெட் கிழிந்துவிட்டது. இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் அது இல்லாவிட்டால் இடுக்கு வழியாகப் புகை கசியும். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அலமாரியில், எஞ்சின் எண்ணெய்த் தொட்டிக்குப் பூசுகிற சிவப்புப் பசை பாதி ட்யூப் இருந்தது. அதைப் பிதுக்கி இரண்டு பக்கமும் தடவினார்.

"அது அந்தச் சூட்டுக்கு நிக்குமா?" என்றார் வெல்டர்.

"நாளைக்கு கேஸ்கெட் வாங்கி மாத்திக்கறேன். இப்ப ஓட்டிப் பாக்க வேணாமா?"

"நீ நாளைக்குன்னு சொன்னா அடுத்த வருஷம்னு அர்த்தம். தண்ணிக் குழாய்க்கு வாஷர் போடறேன்னியே, அதே நாளைக்குத்தானே?"

"வாயை மூடிட்டு வண்டியில ஏறு."

மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் விசுக்கென்று ஏறியது. வெல்டர் முன்பக்கம் கையை ஊன்றிக்கொண்டார். உச்சிக்குப் போனதும், "டேய், இது உன் வண்டியா, திருடிக்கிட்டு வந்தியா?" என்றார்.

அடுத்த வாரமே டாக்சிக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அதற்கடுத்து பள்ளி வேன்கள், பால் வண்டிகள். காகிதம், கட்டைவிரல், தகடு. அவர்கள் வண்டிக்கெல்லாம் புது கேஸ்கெட் இரண்டு பக்கமும் வைத்துத்தான் முறுக்கினார். போல்ட்டைப் பாதி முறுக்கி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி முறுக்குவார். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. தகட்டுக்காரர் என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது.

சொந்தக் காரின் பானெட்டைத் தண்ணீர் ஊற்றவும் எண்ணெய் பார்க்கவும் மட்டுமே திறந்தார். நன்றாக ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைப்பது?

அந்தக் கார்தான் குடும்பத்தில் முதல் கார். முன் சீட் அக்காவுக்கு என்பது வாங்குவதற்கு முன்பே முடிவானது. தொழில் பழகின காலத்தில் அவருடைய எண்ணெய்ச் சட்டைகளை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். மற்ற துணிகளோடு போடாதே என்று அம்மாவே சத்தம் போடுவாள். அக்காதான் தனியாக ஊறவைத்து, சோப்புக் கட்டி கரையக் கரையத் தேய்த்து, காலையில் மடித்து வைப்பாள். இப்போது அவள் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். ஊரின் மறுகோடியில் இரண்டு அறை வீடு, கணவர் இல்லை, மகன் வெளியூரில் வேலை.

மாதத்தில் ஒரு நாள் அம்மாவைப் பார்க்கப் போவார்கள். அம்மா மகன் வீட்டிலும் இருக்கமாட்டாள், மகள் வீட்டிலும் இருக்கமாட்டாள். பழைய வீட்டில்தான் இருப்பேன் என்று அடுத்த ஊரில் தனியாக இருந்தாள். தகட்டுக்காரர் ஓட்டுவார், முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு. மனைவி பின் சீட்டில், காற்றுக்காகக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு. அக்காவுக்குக் காதில் காற்று அடித்தால் ஆகாது, அதனால் அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவார். வேர்க்குமே என்று டாஷ்போர்டில் இருக்கிற காற்றுத் துவாரத்தை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி, விசிறியை முழு வேகத்தில் வைப்பார்.

"நல்லா காத்து வாங்கிக்கோக்கா. மகாராணி மாதிரி உக்காரு."

முதல் பயணத்திலேயே அவளுக்குத் தலைவலி வந்தது. பழக்கமில்லாததால் என்றார்கள். இரண்டாவது பயணத்தில் வழியில் இறங்கி வாந்தி எடுத்தாள். சாப்பிடாமல் ஏறினதால் என்றார்கள். அடுத்த முறை சாப்பிட்டுவிட்டு ஏறினாள், அப்போதும் எடுத்தாள். சாப்பிட்டதால் என்றார்கள்.

"புகை வாசனை வருதுடா" என்றாள் ஒரு நாள்.

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. "முன்னாடி போற லாரியா இருக்கும்."

"முன்னாடி லாரியே இல்லையேடா."

"இப்பத்தான் போயிருக்கும்."

பின் சீட்டில் மனைவி சிரித்துவிட்டாள். "அண்ணி, இவருக்கு மூக்கு இருக்கறது மூஞ்சி நிறையறதுக்குத்தான். வீட்டுல பால் தீஞ்சாலே தெரியாது."

"எஞ்சின் விஷயத்துல எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றார் அவர். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது தெளிவாக இல்லை. அக்கா தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வாசனையைப் பற்றி அவள் பேசவில்லை.

எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தாள். மூக்குக் கண்ணாடியை மாற்றினாள். தைத்துத் தைத்துக் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டாள். பட்டையைப் பார்த்து அவர், "என்னக்கா, ஹெல்மெட் மட்டும்தான் பாக்கி" என்றார். அவளும் சிரித்தாள். பிறகு மெல்ல மெல்லச் சாக்குச் சொல்ல ஆரம்பித்தாள். தையல் முடியவில்லை, பள்ளியிலிருந்து ஆள் வருகிறார்கள், நீங்கள் போங்கள், நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். பஸ்ஸில் வந்த நாட்களில் அவளுக்கு எதுவும் ஆகவில்லை.

"பஸ் ஒத்துக்குது, நம்ம கார்தான் ஒத்துக்கலை" என்றாள் மனைவி. "அவங்க மகன் ஒரு கார் வாங்கட்டும், ஒத்துக்கும் பாருங்க."

"சும்மா இரு" என்றார் அவர். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே எங்கோ போய் ஒட்டிக்கொண்டது. அவள் ஒவ்வொரு முறை வேண்டாம் என்று சொன்னபோதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானது.

அம்மா விழுந்துவிட்டாள் என்று ஒரு காலையில் போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பேச்சு இருக்கிறது, ஆனால் சீக்கிரம் வாங்க என்றார்கள். அவர் மனைவியை ஏற்றிக்கொண்டு நேராக அக்கா வீட்டு வாசலில் போய் நிறுத்தி ஹாரன் அடித்தார். அக்கா பையோடு தயாராக நின்றாள். காரைப் பார்த்ததும் அவளுடைய கை கதவுவரை வந்து நின்றது.

"நீ போடா. நான் பஸ்ல வந்துடறேன்."

"இன்னைக்குமா?"

"இதுல வந்தா அங்க வந்து நான்தான் பெஞ்சுல படுத்துக் கிடப்பேன். அம்மா பக்கத்துல உக்காரணும்டா. பின்னாடியே வரேன், நீ நிக்காத."

 கியரைப் போட்ட சத்தத்தில் தெரு திரும்பிப் பார்த்தது.

பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், அதிலும் நின்றுகொண்டே வந்தாள். வந்து சேர்ந்தபோது அம்மாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அதற்கு முன்னால் அம்மா அரை மணி நேரம் நன்றாகப் பேசினாள். தண்ணீர் கேட்டாள், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள், எங்கே அவ என்று கேட்டாள். வந்துட்டு இருக்கா என்று அவர் சொன்னார். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார்.

அக்கா வராந்தாவில் நடந்து வருவதைப் பார்த்ததும் அவருக்குள் என்னவோ அறுந்தது. உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நர்ஸ், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வந்துட்டாங்க மகாராணி. பஸ் டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கோ. அம்மா போன நாளுக்கு அடையாளமா இருக்கும்."

அக்கா அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நின்றது என்று சொல்ல முடியாது. நல்லது கெட்டதுக்குப் போய் வந்தார்கள். அவருடைய மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை எல்லாம் அக்காதான் தைத்தாள். ஆனால் அவர் காரில் வா என்று கூப்பிடவில்லை, அவளும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு எந்தக் காரிலும் அவள் ஏறவில்லை. மகன் ஒரு கார் வாங்கியபோதும் ஏறவில்லை. அவன் குழந்தைகளிடம், "பாட்டிக்குக் கார் ஒத்துக்காது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்" என்று சொல்லிவைத்திருந்தாள். மகன் ஊருக்கு நேர் பஸ் கிடையாது. போவதைக் குறைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் புகைப் பரிசோதனையைக் கடுமையாக்கினார்கள். அடைத்த வால்வோடு வருகிற வண்டியை ரோட்டில் விடமாட்டோம் என்றார்கள். தகடு வைத்துக்கொண்டு போனவர்கள் எல்லாம் அதை எடுக்க வந்து நின்றார்கள்.

"வெச்சதும் நீதான், எடுக்கறதும் நீதான். நல்ல பொழப்புடா" என்றார் வெல்டர்.

"குழாயை மூடிட்டுப் பேசு."

எடுத்த தகடுகளை ஒரு டப்பாவில் போட்டார். எல்லாமே சுத்தமாக இருந்தன. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பளபளப்பு. தன் கட்டைவிரலின் வேலையைப் பார்க்க அவருக்கே ஒரு பெருமை. கடைசியாகத் தன் காரை ஷெட்டுக்குள் விட்டு பானெட்டைத் தூக்கினார்.

போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே கண்ணில் பட்டது. தகட்டின் விளிம்பில் சிவப்புப் பசை இல்லை. எரிந்து உதிர்ந்து, நகம் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்துக்கு நேர் பின்னால், எஞ்சினையும் காரின் உள்பக்கத்தையும் பிரிக்கிற சுவரில், கரி விசிறி மாதிரி விரிந்திருந்தது. கண்ணால் அதைத் தொடர்ந்தார். அது மேலே போய், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கம்பி வலையில் முடிந்தது. காரின் உள்ளே போகிற காற்று அந்த வலை வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து டாஷ்போர்டுக்கு. டாஷ்போர்டிலிருந்து முன் சீட்டுக்கு.

வலையைக் கழற்றி உள்ளே இருந்த காகித பில்டரை உருவினார். ஒரு தடவைகூட மாற்றாதது. அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மூக்கருகே வைத்து உறிஞ்சினார். எதுவும் தெரியவில்லை.

வெல்டர் வந்து எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று தகட்டுக்காரர் காத்திருந்தார். அவர் போய்த் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு தன் ஷெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

பில்டரை வீட்டுக்கு எடுத்துப் போனார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை மோந்து பாரு."

"ச்சீ, தூரப் போங்க. என்ன இது, லாரிப் புகை மாதிரி?" சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். கத்தி அப்படியே நின்றது. "எங்கேருந்து எடுத்தீங்க?"

அவர் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் எப்பவும் கண்ணாடியை இறக்கி வெச்சிருப்பேன்" என்றாள், தனக்குத்தானே.

தகட்டை எடுத்து, வால்வைச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்தார். பாதி முறுக்கி, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினார். சுவரில் இருந்த கரியைத் துடைத்தார். இடுக்குகளில் போகாத கரியைத் துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்தார். மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

அக்கா மெஷினில் இருந்தாள். தரையெங்கும் நீலத் துணி. காலர் ஒன்றைத் திருப்பி மடித்தபடி, "வாடா. என்ன காலையிலயே? யாருக்காவது ஏதாவதா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. காரை ரிப்பேர் பண்ணேன். வா, ஒரு ரவுண்டு போலாம்."

"எனக்குக் கார் ஒத்துக்காதுடா. தெரியாத மாதிரி பேசறே."

"உனக்கு ஒத்துக்காம இல்லக்கா. வண்டியிலதான் கோளாறு." ஒரே மூச்சில் சொன்னார். தகடு, கிழிந்த கேஸ்கெட், சிவப்புப் பசை, நாளைக்கு என்று விட்டது, சுவரில் கரி. காற்றுத் துவாரத்தை அவள் முகத்துக்குத் திருப்பிவைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

அக்கா மெஷினின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தியிருந்தாள்.

"எவ்வளவு நேர வேலை அது?"

"எது?"

"அந்த கேஸ்கெட் மாத்தறது."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். "ஒரு டீ குடிக்கிற நேரம்."

அவள் தலையை ஆட்டினாள். ஊசிக்குக் கீழே இருந்த காலரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதை ஏன்டா எங்கிட்ட சொன்னே?"

அவருக்குப் புரியவில்லை.

"என் உடம்பு அப்படின்னு வெச்சிருந்தேன். அம்மாகிட்ட நேரத்துக்குப் போகலைன்னா, என் உடம்பு அப்படி, என்ன பண்றதுன்னு. ராத்திரி தூக்கம் வரலைன்னா அதைச் சொல்லித்தான் தூங்குவேன்." நூலை வாயால் கடித்து அறுத்தாள். "இப்ப நீ வந்து டீ குடிக்கிற நேரம்ங்கறே."

அவர் தரையில் கிடந்த துணித்துண்டு ஒன்றை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு வாயில் இருந்தது. அதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை.

"அம்மா உன்னைக் கேட்டா" என்றார். இத்தனை வருடத்தில் அதை அவளிடம் சொன்னதில்லை. "ரெண்டு தடவை கேட்டா."

"தெரியும். உன் பொண்டாட்டி சொன்னா, அப்பவே."

அவள் எழுந்து தைத்து முடித்த சீருடைகளை மூட்டையாகக் கட்டினாள். பள்ளியில் கொடுக்க வேண்டியவை. அவர் மூட்டையை வாங்கக் கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. கதவைப் பூட்டி, படி இறங்கி, பஸ் ஸ்டாப் பக்கம் நாலு அடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து காரின் முன் கதவைத் திறந்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டாதே. சும்மா ஸ்டார்ட் மட்டும் பண்ணு."

எஞ்சின் சீராக ஓடியது. விசிறியைப் போட்டார். துவாரத்தை அவள் பக்கம் திருப்பப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். அக்கா அதைத் தானே திருப்பி வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூச்சை இழுப்பதும் விடுவதும் அவருக்குக் கேட்டது.

"வருதுடா" என்றாள்.

அவர் மூக்கை உறிஞ்சினார். ஒன்றுமில்லை. புது கேஸ்கெட். தன் கையால் இரண்டு முறை முறுக்கியது. பழைய வாசனை அவள் நினைவில் மிச்சம் இருக்கலாம், சீட்டுத் துணியில் ஊறிப்போயிருக்கலாம், எதிரே போன வண்டியின் புகையாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி பானெட்டைத் தூக்கினார். சூட்டோடு குனிந்து அந்த இணைப்பைப் பார்த்தார். சந்து இல்லை, கரி இல்லை. விரலை வைத்துச் சுற்றிலும் தடவினார், சுட்டது. போன் விளக்கைப் போட்டு அடிப்பக்கம் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அப்போது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, வெகு மெதுவாக, வண்டிக்கு வலித்துவிடக் கூடாது என்பது போல.

பானெட்டை இறக்கியபோது முன் சீட் காலியாக இருந்தது. அக்கா மூட்டையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

அவர் காரைப் பூட்டினார். சுட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"காரை எதுக்கு அங்க விட்டுட்டு வரே?"

"நிக்கட்டும்."

"பஸ்ல கூட்டமா இருக்கும். உனக்கு நின்னு பழக்கமில்ல."

"நீ நின்னுட்டு வந்தியே" என்றார்.

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது. மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அவர் கையை நீட்டவில்லை. கேட்டால்தான் வாங்க வேண்டும் என்று நின்றார்.